முட்பூ எடுத்த நாற்காலி

முட்பூ தரையில் கிடந்தது.

காலையில் கிளைவ் தன் கையால்தான் அதை மாடியறையின் பட்டு நாற்காலி மேல் வைத்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு நாவலாசிரியையின் வீடு அது; இப்போது அருங்காட்சியகம். பார்க்க வருகிறவர்களிடம் 'உட்காராதீர்கள்' என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு காய்ந்த முட்பூவை வைத்துவிடுவார்கள். கிளைவ் குனிந்து எடுத்து மறுபடி வைத்தார்.

"கிளைவ், பூட்டலாமா?" நுழைவுச் சீட்டு கொடுக்கும் ஈனிட் கீழேயிருந்து கத்தினாள். "இன்னிக்கு வந்ததே மூணு பேரு. அதுல ஒருத்தர் கழிப்பறை தேடி வந்தவரு!"

"பத்து நிமிஷம் பொறு."

"அந்த ரூமையே கட்டிக்கிட்டு அழு, போ. மிச்ச கேக்கு எனக்குத்தான்."

டிசம்பர் மாதம், நான்கு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. சதுக்கத்தில் வியாழக்கிழமைச் சந்தைக்காரர்கள் கூடாரக் கம்பிகளைக் கழற்றி வண்டியில் எறியும் ஓசை ஒவ்வொன்றாக அடங்க, ஈரக் கம்பளமும் மெழுகும் மணக்கும் அந்த அறைக்குள், அவற்றோடு சேராத வேறொரு வாடை மெல்லப் பரவியது. பெரில் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

பெரில் அவர் மனைவி. ஒன்பது ஆண்டுகள் இருவரும் சம்பளமில்லாமல் இந்த அறையைக் காத்தார்கள். அவர் ஜன்னலோரம், அவள் கதவருகே. போன குளிர்காலத்தில் ஒருநாள், காவலிருப்பவர்களுக்கான மடக்கு நாற்காலி உடைந்திருந்தது.

"ஒரே நிமிஷம் இதுல உக்காந்துக்கட்டுமா? காலு விட்டுப்போச்சு, கிளைவ்."

அறையில் வேறு யாருமே இல்லை. "ரூல்னா ரூல்தான், கண்ணு" என்றார் அவர்.

நான்கு மணி நேரம் நின்றாள். மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். முட்பூ மீண்டும் தரையில்.

இம்முறை அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"உக்காரு பெரில். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மரம் முனகியது. பட்டு மெத்தை நடுவில் குழிந்தது. இன்னும் குழிந்தது. பெரில் அவ்வளவு கனமில்லை.

ஓரடி பின்வாங்கினார். அவளுக்கு இடம் விடத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தைல வாடை நாற்காலியிலிருந்து வரவில்லை.

கதவருகிலிருந்து.

வீங்கிய கால்கள் மாறி மாறி ஊன்றும் சத்தம். நெடுநேரம் நின்றவளின் மூச்சு.

"கிளைவ்..." அழுகையை அடக்கிய குரல். "நான் இன்னும் இங்கதான் நிக்கிறேன். அதுல யாரை உக்கார வச்சே?"

நாற்காலியின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன, யாரோ பாரத்தை ஊன்றி எழுவதுபோல.