தாலிக்கொடியில் கொழுவிய திறப்பு

சித்திரை பிறந்துவிட்டால் கலாவதிக்கும் வரதராசாவுக்கும் இருக்க நேரமில்லை, நிற்க நேரமில்லை. சுவிஸில், லெமான் ஏரிக்கரையில் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த வீட்டு நீச்சல் குளங்களைத் திறந்து, பாசி தேய்த்து, மோட்டாரை ஓடவிட்டுக் கொடுப்பதுதான் புருசன் பெஞ்சாதி இருவருக்கும் தொழில்.

அன்றைக்குப் போன வீடு ஏரியை ஒட்டியே இருந்தது. ஆள் குடியில்லை. வீடு விற்கும் கந்தோரில் வேலை செய்யும் கிஷோபன் வாசலில் நின்றான். இங்கேயே பிறந்த பெடியன். கையில் ஒரு சின்னத் திறப்பு.

“குளத்துக் கவரின்ர திறப்பு, அன்ரி. இது ஒண்டுதான் இருக்கு. துலைச்சுப் போடாதேங்கோ.”

திறப்பின் வளையத்தில் அறுந்த சங்கிலித் துண்டொன்று தொங்கியது.

“இதென்ன தம்பி, சங்கிலி?”

“வீட்டுக்காரர் இதைத் தன்ர மனிசியின்ர கழுத்திலதான் போட்டு வைச்சிருந்தவராம். அவர் நீந்தி முடியுமட்டும் அவ கரையில நிக்கவேணும். அவர் சொன்னாத்தான் திறக்கலாம், மூடலாம்.”

“நாய்க்குப் போடுற மாதிரியோ?” என்றார் வரதராசா.

“போன வருசம் அவ அறுத்து எறிஞ்சிட்டு வீட்டை விட்டே போயிட்டா. அடுத்த நாள் அவற்ற பிரேதத்தை மூடின கவருக்குக் கீழ இருந்துதான் எடுத்தவை. மெஷின் பிழையாம். இப்ப திருத்தியாச்சு, அங்கிள். பயப்பிட ஒண்டுமில்லை.”

“உமக்கென்ன, சப்பாத்து நனையாமல் போயிடுவீர். இறங்கிறது நானெல்லோ.”

பெடியன் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டான்.

கலாவதி சுவரில் இருந்த ஸ்விட்சில் திறப்பைப் போட்டுத் திருப்பினாள். குளத்தை மூடியிருந்த வெள்ளைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பாய் சுருளுமாப்போல, உருளையில் சுற்றிக்கொண்டு போயின. கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அழுகிய இலை மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. ஆம்பிளைகள் முகத்துக்குப் பூசுகிற வாசனைத் தண்ணியின் மணம்.

கரை வீட்டுக் குளத்தை முழுக்க வற்றவிட முடியாது. அடியில் ஊறும் ஏரித் தண்ணீர் குளத்தையே மேலே தூக்கிவிடும். ஆகையால் குளிருக்கு முன் குழாய்களில் அடைத்த தக்கைகளை ஆள் இறங்கித்தான் பிடுங்கவேண்டும். வரதராசா நெஞ்சளவு வரும் ரப்பர்க் காற்சட்டையை மாட்டினார். ஆள் தண்ணீருக்குள் நிற்கும்போது திறப்பு ஸ்விட்சில் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான வழக்கம்.

“திறப்பை எங்க வைச்சிருக்கிறீர்?”

கலாவதி சுவெற்றருக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் வழக்கமாகத் தொங்கும் சட்டை ஊசிகளில் ஒன்றில் திறப்பைக் கொழுவினாள்.

“கலியாணம் கட்டின நாளில இருந்து இதைக் கழட்டேல்லை. இதைவிடப் பத்திரமான இடம் எங்க கிடக்கு?”

“அப்ப என்ர உயிர் உம்மட கழுத்தில எண்டு சொல்லும்,” என்று சிரித்தபடி இறங்கினார்.

திறப்பு நெஞ்சில் பட்டுக் குளிர்ந்தது. இரும்புதானே, உடம்புச் சூட்டில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சரியாகவில்லை. நேரம் போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போனது.

முதல் தக்கை வந்தது. இரண்டாவதைப் பிடுங்க வரதராசா குனிந்தார்.

உருளை முனகியது.

கலாவதி திரும்பிப் பார்த்தாள். ஸ்விட்சில் திறப்பில்லை. ஆனாலும் வெறும் துவாரம் மெல்லத் திரும்பியது. அதற்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது.

“ஏறுங்கோ,” என்று கத்தினாள். “ஏறுங்கோப்பா.”

சட்டங்கள் பாய்ந்து வந்தன. வழக்கமாக ஊர்ந்துதான் மூடும் கவர் அது. இப்போது முதல் சட்டம் அவருடைய தோளில் இடித்துச் சுவரோடு சாத்தியது. கை எலும்பு முறியும் சத்தம் கரைக்கே கேட்டது. ரப்பர்க் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்து அவரைக் கீழே இழுத்தது. தலைக்கு மேல் கவர் மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து குத்தினார். சட்டங்கள் அதிர்ந்தன.

திறந்தால்தான் பிழைப்பார். கலாவதி ஓடிப்போய், ஊசியிலிருந்து கழற்றக்கூட நிற்காமல், கொடியோடு சேர்த்துத் திறப்பைத் துவாரத்தில் குத்தினாள்.

அது அவளைப் பிடித்துக்கொண்டது.

திறப்பு தானாகச் சுழன்றது. கொடி முறுகியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவளுடைய கன்னம் சுவரில் போய் மோதி உரிந்தது. பொன் கழுத்தை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. மூச்சு நின்றது. அந்த வாசனைத் தண்ணி மணம் காதருகே வந்தது. யாரோ முகத்தை அவள் கழுத்தோடு வைத்துக்கொண்டு நிற்கிறமாதிரி.

பின்னால் குத்துச் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

இடுப்புப் பட்டியில் கம்பி வெட்டும் குறடு இருந்தது. கை அதை எடுத்துவிட்டது. எடுத்த கை அப்படியே நின்றது. புருசன் உயிரோடு இருக்க எந்தப் பெண் தாலியை வெட்டுவாள்?

ஒரே ஒரு குத்துச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வெட்டினாள்.

கொடி பாம்பு மாதிரிச் சுழன்று, திறப்பையும் இழுத்துக்கொண்டு குளத்தின் பக்கம் பறந்தது. சட்டங்களின் இடுக்கால் உள்ளே போனது. உருளை நின்றது. கலாவதி வேலைச் சாமான்களோடு கிடந்த கடப்பாரையால் கவரை அடித்தாள். சட்டம் சிதறி முகத்தில் வெட்டியது. இரத்தம் கண்ணில் இறங்க இறங்க அடித்தாள். தலைமயிரில் பிடித்து அவரை வெளியே இழுத்தபோது கீழே இருந்தும் யாரோ இழுத்தார்கள். அவள் விடவில்லை. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வர, ஆள் கரையில் வந்து விழுந்து வாந்தியெடுத்தார்.

உயிர் இருந்தது.

பிறகு குளத்தில் ஆளை இறக்கித் தேடினார்கள். திறப்பும் இல்லை, தாலியும் இல்லை.

கழுத்துக் காயம் ஆறியதும் திரிம்பாக் ஊர்க் கோயிலில் புதுத் தாலி கட்டுவதென்று முடிவாகியது. வரதராசாவின் வலக்கை இன்னும் கட்டுப்போட்டபடிதான். ஒற்றைக் கையால் கொடியின் சுரையைத் திருகிப் பூட்ட முடியாது என்பதால் அவருடைய தங்கை ஜெயமலர் உதவிக்கு வந்திருந்தாள்.

“ஒற்றைக் கை மாப்பிளை,” என்று அவள் கேலி பண்ணினாள். “இந்த முறையாவது ஒழுங்காக் கட்டுங்கோ, அண்ணை.”

மேளம் தொடங்கியது. கலாவதி கண்ணை மூடிக் கும்பிட்டுத் தலை குனிந்தாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் கூந்தலை ஒதுக்கின. கொடியைக் கழுத்தில் போட்டன. சுரையை இறுக்கிப் பூட்டின. முதுகில் ஒரு துளி தண்ணீர் ஓடியது.

“மச்சாள்,” என்று கலாவதி கிசுகிசுத்தாள். “உங்கட கை ஏன் இப்பிடிக் குளிருது?”

“என்ன மச்சாள்?”

குரல் முன்னாலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். எதிரே ஜெயமலர் பூத்தட்டோடு நின்றாள். பக்கத்தில் வரதராசா. அவருடைய இடக்கையில் புதுத் தாலிக்கொடி மஞ்சளோடு மினுங்கியது.

“இன்னும் கொஞ்சம் குனியும், கலா. நான் இன்னும் கட்டேல்லை.”

அவளுடைய நெஞ்சுச் சட்டை நனைந்துகொண்டு வந்தது. நனைந்த இடத்தின் நடுவில், அவள் வெட்டிய பழைய கொடியின் ஊசிகளுக்குப் பக்கத்தில், குளிர்ந்துபோய்த் தொங்கியது அந்தத் திறப்பு.