வாட்ச்மேனைத் தூங்க வைத்தவன்

டிவி அணைந்துவிட்டது. அக்கா மட்டும் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே யாரோ உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு 'ம்... ம்...' என்று ஆமோதிக்கிற தலையாட்டல். கறுத்துப்போன அந்தப் பெரிய திரையைப் பார்த்தபடி அவள் அப்படிச் செய்ததைக் கதவோரம் நின்று பார்த்த தம்பிக்கு என்னவோ போலிருந்தது. கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"வந்துட்டியா? பாத்தியா, இப்படித்தான். போட்டா வருது, உடனே போயிடுது."

"எது, படமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ம்" என்றாள்.

தெருவில் அவனுக்கு ஃபியூஸ் என்று பெயர். டிவி மெக்கானிக் என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். எதற்கெடுத்தாலும் பொசுக்கென்று எரிந்துவிடுவதால் வந்தது என்று அவன் மனைவி சொல்வாள். ஆனால் அக்காவிடம் மட்டும் அவன் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அந்த அக்கா இப்போது காய்ந்த குச்சியாக உட்கார்ந்திருந்தாள். வளையல் முழங்கை வரை சரிந்து கிடந்தது.

மாமா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இதே கூடத்தில், இதே சோபாவில், இதே டிவிக்கு எதிரே. "இங்க வாயேன், இதைக் கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, "உங்களுக்கு வேற வேலை இல்ல, எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்தபோது டிவி அணைந்திருந்தது. அவரும் கண்ணைத் திறந்தபடியே அடங்கியிருந்தார். அன்றிலிருந்து அந்த டிவி நிலைத்து ஓடியதில்லை. போட்டால் மூன்று நான்கு நொடி ஓடும், பிறகு 'டக்'. அக்காவும் அன்றிலிருந்து கூடத்தை விட்டு நகரவில்லை.

தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அவன் கெஞ்சாத நாளில்லை. பின்னறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருந்தான். அவனுடைய சின்னப் பெண் சுவரில் படம் வரைந்து ஒட்டிவிட்டு, அத்தை எப்போது வருவாள் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இதைச் சரி பண்ணிக் குடு. ஒரு தடவை முழுசாப் பாத்துட்டு, அன்னைக்கே கிளம்பி உன்கூட வந்துடறேன்." எதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொன்னதே போதும் என்றிருந்தது.

வெளியே பிற்பகல், விடாத மழை. உள்ளே கனத்த திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டு, அந்த நேரத்திலும் கூடம் கிணற்றின் ஆழம் போல இருண்டிருந்தது. இந்த ரகம் டிவிக்கு இருட்டு வேண்டும் என்று மாமா செய்த ஏற்பாடு. மூடிவிட்ட ஏதோ விடுதியின் சாமான்களை விற்றபோது அவர் ஆசையாக வாங்கிவந்தது அது. பீரோ அளவு பெட்டி. அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள். மூன்றும் தனித்தனியாக மேலே ஒளியை வீசும், உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி அதைத் திரைக்குத் திருப்பும். மூன்று படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தால்தான் ஒரு முகம். ஆள் ஒருவன் கால் நீட்டி உட்காரலாம் போல உள்ளே அவ்வளவு வெற்றிடம்.

ஃபியூஸ் அந்த டிவிப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கம் புகுந்துகொண்டான். பின்மூடியைக் கழற்றியதும் சூடான தூசியின் நெடியும், குழாய்களைக் குளிரவைக்கும் திரவத்தின் இனிப்பான வாடையும் முகத்தில் அடித்தன. இந்த டிவியைப் பழுது பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ரிப்பேர் பார்ப்பவனுக்குப் படம் தெரியாது. வழக்கமாக ஒரு கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்துக்கொள்வான். இன்று அதை எடுத்துவர மறந்துவிட்டான்.

"நான் சொல்றேன்டா, நீ வேலையைப் பாரு" என்றாள் அக்கா முன்பக்கத்திலிருந்து.

எல்லா டிவியிலும் ஒரு வாட்ச்மேன் உண்டு. மெக்கானிக்குகள் வைத்த பெயர் அது. மின்சாரம் எங்காவது எல்லை மீறினால் உடனே டிவியை அணைக்கும் சின்ன சுற்று. பல இடங்களிலிருந்து அதற்குப் புகார் போகும். எந்தப் புகாருக்காக அணைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாட்ச்மேனைத் தூங்க வைப்பது என்றும் ஒரு வழக்கு உண்டு. அதிலுள்ள சின்ன டிரான்சிஸ்டரின் காலில் ஒன்றை, பற்றவைக்கும் சால்டரிங் அயர்னால் சூடாக்கித் தூக்கிவிட்டால் அது பேசாமல் கிடக்கும், டிவி ஓடும். புகை எங்கே வருகிறதென்று பார்த்து, பழுதைப் பிடித்துவிடலாம். அவசரக்காரன் செய்கிற வேலை. ஃபியூஸ் கடைசியாகத்தான் அதற்குப் போவான்.

மின்சாரம் வரும் வழியில் பெரிய பல்பு ஒன்றைத் தொடுத்தான். உள்ளே எங்காவது அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். சுவிட்சைப் போட்டான். மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே 'டக்' என்றது. திரையில் மெல்லிய சரசரப்பு ஓடியது. பல்பு மங்கலாக, ஒழுங்காக எரிந்தது. மீட்டரில் எல்லா அளவும் சரி. பிறகு 'டக்'. இருட்டு.

"வந்துதா?"

"வந்தார்."

ஸ்க்ரூடிரைவர் கையிலேயே நின்றுவிட்டது.

"யாருக்கா?"

"உங்க மாமாதான். வர்றார், பாக்கறார், வாயைத் திறக்கிறார், அதுக்குள்ள போயிடுது. அன்னைக்குக் கூப்பிட்டப்ப நான் போகல. இப்பவாவது என்னன்னு கேக்க வேண்டாமா?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் முற்றிவிட்டதா, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. டிவி நிலைத்து ஓடினால், அதில் வருவது வெறும் படம்தான் என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதற்காகவாவது இதை ஓட்டியே ஆக வேண்டும்.

வாட்ச்மேனுக்குப் புகார் போகும் வழிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒன்றைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான், அணைந்தது. அடுத்ததையும் கழற்றினான், அணைந்தது. கடைசி வழியையும் துண்டித்தான். இனி வாட்ச்மேனிடம் புகார் சொல்ல யாருமே இல்லை. போட்டான்.

'டக்'.

சரி, வாட்ச்மேனுக்கே கோளாறு. அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைப் பிடுங்கிவிட்டுப் பையிலிருந்து புதிது ஒன்றை வைத்துப் பற்றவைத்தான்.

'டக்'.

வியர்வையைத் துடைக்கத் தலையைத் திருப்பியபோதுதான் ஆண்டெனா கம்பியைப் பார்த்தான். பெட்டியில் செருகப்படாமல், சுவரோரம் நூலாம்படை படிந்து கிடந்தது. எதையும் தொடாத கம்பி. இந்த டிவிக்குள் படம் நுழைய வழியே இல்லை. வந்தால் வெறும் புள்ளிகள்தான் வர வேண்டும்.

அக்காவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தான்.

"தம்பி, நிறுத்திடாதடா" என்றாள் அவள் முந்திக்கொண்டு. குரல் குழந்தையுடையது போலிருந்தது. "ஒரே ஒரு தடவை. அப்புறம் உன் வீட்டுக்குத்தான்."

புள்ளிகளைப் பார்த்து அவளாகத் தெளியட்டும். சால்டரிங் அயர்ன் சூடாகத்தான் இருந்தது. டிரான்சிஸ்டரின் காலைச் சூடாக்கித் தூக்கினான். வாட்ச்மேன் தூங்கியது.

ரிலே 'டக்' என்றது. சரசரப்பு. ஒரு நொடி, இரண்டு, மூன்று, நான்கு. அணையவில்லை. உள்ளே மூன்று குழாய்களின் ஒளியும் கண்ணாடியில் ஏறி, பெட்டியின் உட்சுவரெல்லாம் பாலைக் கொட்டினாற்போல் வெளுத்தது. முன்பக்கம் அக்கா மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. பிறகு சிரித்தாள். மாமா இருந்தபோது சிரிப்பாளே, வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டதும் அவனுக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. ஆண்டெனா கம்பியைக் கூட மறந்துவிட்டான்.

"வந்துட்டேங்க" என்று அவள் சொல்வது கேட்டது. "அன்னைக்கு வரல. இப்ப வந்துட்டேன்."

பல்பு மெதுவாகப் பிரகாசமானது.

அவன் அதைப் பார்த்தான். பிரகாசமாகி, மங்கி, மீண்டும் பிரகாசமாகி. அவசரமில்லாமல், ஒரே சீராக. தூங்கும் ஆளின் மார்பு ஏறி இறங்குகிற மாதிரி. எதுவோ மின்சாரத்தை இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. இவ்வளவு இழுத்தால் எங்காவது கொதிக்க வேண்டும். உலோகத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சில்லென்றிருந்தன. கரித்த வாசனை இல்லை, புகை இல்லை. இனிப்பு வாடை மட்டும் ஏறிக்கொண்டே போய்த் தொண்டையில் பிசுபிசுத்தது.

"தம்பி, கலர் பிரியுதுடா."

"சூடேறினா அப்படித்தான்க்கா." தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "மூணு குழாய்ல, கொஞ்சம் நகரும். அப்புறம் சரி பண்ணிடலாம்."

"ஓரமெல்லாம் சிவப்பாத் தெரியுது. இந்தப் பக்கம் நீலம்."

"அதான்க்கா. ஒரே படம்தான், மூணாப் பிரிஞ்சு தெரியும்."

பல்பு ஏறியது, இறங்கியது. மழைச் சத்தம் எப்போது நின்றதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"இல்லடா" என்றாள். "மூணும் வேற வேற."

"அக்கா?"

"சிவப்புல இருக்கிறது அவர் இல்ல. கண்ணு மட்டும்தான் அவர் மாதிரி." மிகவும் மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்பது போல. "பச்சைக்கு வாய் மட்டும். இது ஒரு ஆள் இல்லடா. மூணு பேர். ஒருத்தர் மேல ஒருத்தர் ஒட்டி நின்னுக்கிட்டு..."

நின்றுவிட்டது பேச்சு.

"அக்கா, இந்தப் பக்கம் வா. எந்திரிச்சு வந்துடு."

சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான்.

"அக்கா!"

சோபாவின் ஸ்பிரிங் முனகியது. எழுந்துவிட்டாள். காலடி கேட்டது. கதவுப் பக்கம் போகவில்லை. திரைப் பக்கம்.

அவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பல்பு அணைந்தது. மீட்டர் முள் விழுந்தது. ரிலே விட்டது.

பெட்டிக்குள் வெளிச்சம் போகவில்லை.

கையில் பிளக். தரையில் கம்பி. உள்ளே அந்த வெளுப்பு அப்படியே நின்றது. அதில் நிழல்கள் ஆடின. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. மேலே ஏறின. கண்ணாடி வரை ஏறின. பிறகு திரையின் பக்கமாக, குனிந்து, ஒவ்வொன்றாக வெளியே போவது போல.

அதன் பிறகுதான் இருண்டது.

எவ்வளவு நேரம் அங்கேயே குந்தியிருந்தான் என்று தெரியாது. ஓடிவிடு என்றது உடம்பு. தலைவாரிவிட்ட கையை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? சுவரைத் தடவித் தடவிப் பெட்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தான்.

திரை செத்துக் கிடந்தது. அதன் எதிரே அக்கா கறுத்த உருவமாக நின்றுகொண்டிருந்தாள், முதுகைக் காட்டி. முழுசாக, கை கால் எல்லாம் பத்திரமாக. அவனுக்கு உயிர் வந்தது. வெடித்து அழுதுவிட்டான்.

"போதும்க்கா. இதை உடைச்சுப் போட்டுடறேன். வா, போயிடலாம்."

அவள் திரும்பினாள்.

விளக்கில்லாத கூடம். திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. கதவு எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகம் மட்டும் தெரிந்தது. கன்னத்தின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குள்ளே சற்றுத் தள்ளி, பச்சையாக இன்னொரு கன்னம். அதற்கும் அப்பால் நீலம். அவள் அசைந்தபோது மூன்றும் ஒன்றாக அசையவில்லை. முதலில் சிவப்பு அசைந்தது. பச்சை பின்தொடர்ந்தது. நீலம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் நிதானமாக வந்து சேர்ந்தது.

"கிளம்பலாமா, தம்பி?" என்றாள். உதடுகள் மூன்று தடவை அசைந்தன. "உன் வீட்டுக்கு வர்றேன்னு சொன்னேன்ல."

குனிந்து அவனுடைய கருவிப் பையை அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் விரல்கள் நிறைய இருந்தன.

"குழந்தை காத்துக்கிட்டு இருப்பா, வா."