சும்மா நிற்கிற ஆள்

சின்னராசா கடைசி பஸ்ஸுக்கு ஓடி வெகுநேரமாகியும், அவன் கதிரையில் போட்டுவிட்டுப் போன ஜாய்ஸ்டிக் ஆறவில்லை. பார்த்தீபன் அதை எடுத்து மேசையில் வைக்கப் போனபோது உள்ளங்கையில் சூடு ஏறியது. மின்சாரச் சூடு அல்ல. இப்போதுதான் ஒருவன் கையிலிருந்து வாங்கியது போன்ற, வியர்வை கலந்த மனிதச் சூடு. கூடவே நனைந்த கம்பளியும் பச்சைத் தேயிலையும் சேர்ந்த ஒரு வாடை. தோட்டத்து ஆட்களைக் கடைக்குள் விட்டால் இதுதான் மிச்சம் என்று முகத்தைச் சுளித்து, சட்டை ஓரத்தால் அழுத்தித் துடைத்து வைத்தான்.

பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அவன் டிவி கேம் கடை நடத்தினான். ஒரு அறை, இரண்டு டிவி, சில பிளாஸ்டிக் கதிரைகள், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அப்பா தர்மராசா யாழ்ப்பாணத்திலிருந்து இங்குள்ள அரசாங்கக் கச்சேரிக்குக் கிளார்க்காக மாற்றலாகி வந்து, இங்கேயே பென்ஷனும் எடுத்து, இங்கேயே கண்ணை மூடியவர். மகன் கணிதப் பிரிவில் படித்துப் பல்கலைக்கழகம் போகாமல் நின்றவன். தாள் திருத்தியவர்களுக்கு மூளை போதாததுதான் அதற்குக் காரணம் என்று 2003ஆம் ஆண்டிலும் நம்பிக்கொண்டிருந்தான். கடைக்கு வரும் எவரையும் அவனுக்குப் பிடிக்காது. எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கும் டவுன் பொடியன்களைப் பிடிக்காது. ஆட்டம் தொடங்குமுன் டிவியைத் தொட்டுக் கும்பிடும் தோட்டத்து ஆட்களை அதைவிடப் பிடிக்காது. அவர்களில் படுமோசம் சின்னராசா என்பது அவன் தீர்ப்பு.

ஆனால் சின்னராசா இல்லாமல் காரியம் நடக்காது. கொழும்பில், புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய, மேலே எந்தப் பெயரும் எழுதாத அந்த டிஸ்க்கில் இருந்த ஆட்டத்தை இருவர் சேர்ந்துதான் ஆட வேண்டும். ஒரு மலைநாட்டின் வரைபடம், அதில் அங்கங்கே குகைகள், ஒவ்வொரு குகையிலும் ஒரு பூதம். எதை முதலில் அடிப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்பது ஆடுபவன் விருப்பம். ஒரு பூதம் செத்தால் பூட்டிக் கிடக்கும் வீரர்களில் ஒருவன் திறபடுவான். திரையின் கீழே வரிசையாக நிற்கும் கறுப்பு நிழல்களில் ஒன்று நிறம் பெற்று மூச்சு விடத் தொடங்கும். எல்லா நிழல்களையும் திறந்தவன் பதுளையில் ஒருவனும் இல்லை. அந்த முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர பார்த்தீபனுக்கு அப்போது வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

அவனோடு சேர்ந்து ஆட டவுனில் யாரும் வருவதில்லை. அவன் வாய் அப்படி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வரும் சின்னராசா மட்டும்தான் எவ்வளவு திட்டினாலும் "சரிங்க ஐயா" என்று இருப்பான். பூதத்தை விட்டுவிட்டுச் சுவரை அடிப்பான். மூக்கு ஒழுகினால் இடது தோளில் துடைத்துக்கொள்வான். பொழுது சாய்ந்ததும், சண்டை நடுவில் இருந்தாலும், ஜாய்ஸ்டிக்கைக் கதிரையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். முதல் தடவை பார்த்தீபன் அவன் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். பிறகுதான் கவனித்தான். ஆளில்லாமல் சும்மா நிற்கிற இரண்டாவது உருவத்தின் மேல்தான் பூதம் பாய்ந்தது. அதைக் கவ்விக்கொண்டிருக்கும் நேரத்தில் இவன் பின்பக்கமாக வந்து அவசரமில்லாமல் ஆறுதலாக வெட்டலாம். பூதம் செத்ததும் கடிபட்ட உருவம் எழுந்துவிடும், நட்டம் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அவன் பஸ் நேரத்தை வைத்துப் பூதங்களுக்கு முறை போட்டான். இரண்டு பேர் ஓடியாடி அடிக்க வேண்டியவை பகலுக்கு. கவ்விப் பிடிக்கிறவை எல்லாம் பஸ் போன பிறகு. சின்னராசாவின் ஆட்டத்திலேயே நல்லது அவன் எழுந்து போன பிறகு ஆடுவதுதான் என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

யாரும் தொடாதபோது அந்த உருவம் செய்வது மூன்றே காரியம். தோள் ஏறி இறங்க மூச்சு விடும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நிற்கும். இடையில் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்க்கும். பிறகு மறுபடி மூச்சு.

அடுத்த ஞாயிறு மழை விடவே இல்லை. பஜாரின் தகரங்களெல்லாம் ஒரே இரைச்சலாக அதிர, எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையின் மண்ணெண்ணெய் வாடை ஜன்னல் வழியாக ஈரத்தோடு ஏறிவர, பார்த்தீபன் எட்டிப் பார்த்தான். சின்னராசா தெருவில் நின்றான். குடையில்லை. மழைக்கு ஒதுங்கவும் இல்லை. தோள் ஏறி இறங்கியது. கால் மாற்றினான். வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தான்.

"என்ன விசரோ உனக்கு? மேல வா," என்று பார்த்தீபன் கத்தினான்.

சொன்ன பிறகுதான் வந்தான். "இரு" என்ற பிறகுதான் உட்கார்ந்தான். அன்று சுவரை அடிக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தான். "சரிங்க ஐயா" மட்டும் ஒருமுறையும் வரவில்லை. ஒருவழியாக இந்த மண்டைக்குள்ளும் ஏதோ ஏறியிருக்கிறது என்று பார்த்தீபன் திருப்திப்பட்டான். பஸ் நேரம் வந்ததும் அவனைக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய்விட வேண்டியிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் பூதம் இன்னும் வரவில்லை. இரண்டாவது உருவம் குகைக்குள் தனியாக நின்றது. மூச்சு விட்டது. கால் மாற்றியது. பிறகு தலையைச் சாய்த்து, மூக்கை இடது தோளில் துடைத்தது.

பார்த்தீபன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். டிஸ்க்கில் இப்படியும் ஒன்று இருந்திருக்கும், இத்தனை நாள் தான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டான். கவனிக்காமல் விடுகிற ஆள் அவனில்லை என்பது அவனுக்கே தெரியும். பூதம் வந்தது. அவன் வழக்கம் போல ஒதுங்கினான். அது உருவத்தைக் கவ்வியபோது டிவியில் வழக்கமான அலறல் வரவில்லை. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்டது. அறைக்குள் இழுப்பது போல, பக்கத்தில் கேட்டது. ஆனாலும் வெட்டினான். பூதம் செத்தது, இன்னொரு நிழல் திறந்தது. இனி ஒரேயொரு நிழல்தான் பாக்கி.

வாரம் முழுவதும் அந்தக் கடைசிக் குகையே மனதில் நின்றது. சனிக்கிழமை பின்னேரம் கடையில் ஆளில்லை. இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் தானே எடுத்துத் தனியாக முயன்று பார்த்தான். இரண்டாவது உருவத்தை ஓடவைத்தான், குதிக்கவைத்தான், நாலு குத்து விடவைத்தான், குகை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான். பூதம் கவ்வியது. ஆனால் இவன் பிந்திவிட்டான். தோற்றான்.

ஞாயிறு மாலை, மழை இருட்டில், சின்னராசாவைக் கையைப் பிடித்து ஒரு பெண் படியேற்றிக் கூட்டிவந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள், தலையில் ஈரத் துண்டு.

"நான் பூவம்மாங்க. இவரு சம்சாரம்," என்றாள்.

"விளையாட வந்தால் இருங்கோ. கதைக்க வந்தால் எனக்கு நேரமில்லை."

"இவருக்கு என்னமோ ஆயிருச்சுங்க ஐயா. காலையில பெரட்டுல வேலைக்கு பேரு கூப்டா திரும்பிக்கூட பாக்கல. சோத்த அள்ளி வாயில வச்சாத்தான் திங்கிறாரு. ஆஸ்பத்திரியில காட்டுனோம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் என்ன டொக்டரோ?"

அவள் கோபப்படவில்லை. "நேத்து பொழுது சாயுற நேரம் எங்க லயத்து வீட்டு வாசல்ல ஓடுனாருங்க. ஓடுறாரு, குதிக்கிறாரு, காத்துல குத்துறாரு. அப்புறம் அப்புடியே நின்னாரு. நின்ன எடத்துலயே, எதுவோ கவ்வுன மாதிரி மடங்கி விழுந்தாரு."

பார்த்தீபன் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தான். ஓட்டம், குதி, குத்து, நிற்றல். அவன் அமுக்கிய வரிசை அப்படியே.

"பேச்சு இருந்தப்ப ஒண்ணுதான் சொன்னாரு. ஐயா கூப்புடுறாரு, நான் போய் நிக்கணும்னாரு." அவள் சின்னராசாவின் நனைந்த தலையைத் தன் துண்டால் துவட்டினாள். "இதுல இன்னும் என்ன பாக்கியோ அத முடிச்சு இவர விட்டுருங்க. புள்ளைங்க ரெண்டு இருக்கு."

பார்த்தீபன் பயந்தான். எல்லா நிழலும் திறந்துவிட்டால் இதுவும் ஓய்ந்துவிடும், இந்த மனிதன் பழையபடி சுவரை அடிக்கிற மடையனாக வீட்டுக்குப் போவான் என்று நினைத்தான். அதோடு கடைசி நிழல் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் அந்தப் பயத்துக்குள் உயிரோடு இருந்தது. அவ்வளவுதான் அவன் லட்சணம்.

"இன்டைக்கு அவரைத் தனிய விடமாட்டன்," என்றான். முதல்தடவையாக 'அவர்' என்றான். "ரெண்டு பேரும் சேந்து அடிப்பம். கையில குடுங்கோ."

பூவம்மா ஜாய்ஸ்டிக்கைக் கணவனின் விரல்களுக்குள் வைத்து மூடினாள். பின்னால் நின்று அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பூதத்துக்கு உடம்பில்லை. குகையின் வாசலே வாயாகத் திறந்தது. இருவரும் அடித்தார்கள். சின்னராசாவின் கண்கள் எங்கேயோ இருந்தன, கட்டை விரல்கள் மட்டும் பிசகாமல் ஓடின. பார்த்தீபன் விழப்போனபோதெல்லாம் இரண்டாவது உருவம் குறுக்கே வந்து தாங்கியது. ஒருமுறை. மறுபடி. இப்படியும் ஆடலாமா என்று பார்த்தீபன் நினைத்தான். வெல்லப் போகிறோம் என்றும் நினைத்தான்.

வாய் அவன் பக்கம் திரும்பியது.

அவன் மேல். நேராக.

யோசிக்கவில்லை. விரல் பழகியிருந்தது. ஓடினான். சின்னராசாவின் உருவத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

வாய் மூடியது.

பின்பக்கமாக வெட்டினான். அதற்கும் விரல் பழகியிருந்தது. பூதம் சரிந்தது. மழை கேட்டது. இரண்டாவது உருவம் எழவில்லை. அது கிடந்த இடத்தில் வெறும் தரை இருந்தது.

கீழ் வரிசையில் கடைசி நிழல் நிறம் பெற்றது. மடித்துக் கட்டிய சாரம். கம்பளித் தொப்பி. ரப்பர் செருப்பு. மூச்சு விட்டது. மூக்கை இடது தோளில் துடைத்தது.

கதிரையில் சின்னராசாவின் கையிலிருந்து ஜாய்ஸ்டிக் நழுவி விழுந்தது.

"முடிஞ்சுதா ஐயா? வாங்க, பஸ்ஸு போயிரும்," என்று பூவம்மா அவனைப் பிடித்து இழுத்தாள். எழவில்லை. உலுக்கினாள். கண் திறந்திருந்தது, மூச்சும் வந்தது. அவ்வளவுதான்.

பார்த்தீபன் குனிந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். முன்னே நடத்தும் பட்டனை அமுக்கினான். எதற்காக அமுக்கினான் என்று அவனுக்கே தெரியாது. சின்னராசா எழுந்து நின்றான். ஓரடி வைத்தான்.

பார்த்தீபன் விரலை எடுத்தான். சின்னராசா நின்றான்.

பூவம்மா அந்த விரலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. கணவனின் இடது கைக்குள் தன் கையை வைத்தாள். அவன் விரல்கள் மூடிக்கொண்டன. திரையில் இருந்தவனும் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, இல்லாத ஒன்றைப் பற்றிக்கொண்டான்.

"அமுக்குங்க," என்றாள்.

பார்த்தீபன் அவனைப் படி படியாக இறக்கினான். வயர் ஜன்னல் வரை எட்டவில்லை, பூவம்மாவின் குரலை வைத்துத்தான் நடத்தினான். கீழே தெருவிலிருந்து அவள் சொன்னாள்: "கண்டக்டர் தூக்கி ஏத்திருவாரு. எறங்குன பொறகு லயத்துக்கு மலையில ஏறணும். அப்ப நீங்கதான் நடக்க வைக்கணும். கைய எடுத்துறாதீங்க ஐயா."

"ம்," என்றான்.

பஸ் போனது. திரையில் இருந்தவன் குந்தி உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் போய், பஜார்க் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டு மூடின. வெகுநேரம் கழித்து, யாரோ தூக்கி நிறுத்தியது போல, திரையில் இருந்தவன் எழுந்து நின்றான்.

பார்த்தீபன் அமுக்கினான்.

நடந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையை நீட்டிப் பற்றியபடி நடந்தான். சுற்றிலும் கறுப்பு. பாதை திரையில் இல்லை.

அப்போதுதான் பார்த்தீபனுக்கு உறைத்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை அவன் கேட்டதில்லை. இத்தனை ஞாயிறுகளில் ஒருநாளும் கேட்டதில்லை. லயத்துக்குப் போவது படிக்கட்டா, ஒற்றையடிப் பாதையா, தெரியாது. எங்கே வளைகிறது, தெரியாது. பள்ளம் எந்தப் பக்கம், தெரியாது. மடுல்சீமை ரோட்டில் அவன் கால் வைத்ததே இல்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பான்.

விரலின் கீழ் முன்னே நடத்தும் பட்டன் மட்டும் இருந்தது.

எடுத்தால் நின்றுவிடுவான். எங்கே நிற்பான்? எடுக்காவிட்டால் நேராகப் போவான். பாதை நேராக இருக்குமா?

எடுக்காதே என்றாள். எடுக்கவில்லை.

திரையில் இருந்தவனின் இடது கை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. பூவம்மா பிடித்து நிறுத்தப் பார்ப்பது போல. கால்கள் நிற்கவில்லை. கை மறுபடி இழுபட்டது. இப்போது கீழே. நேர் கீழே, ஓர் ஆளின் பாரத்தோடு. தோள் சரிந்தது. விரல்கள் இறுகின. இன்னும் இறுகின.

பிறகு விரிந்தன.

கை காலியாகத் தொங்கியது. கால்கள் நடந்துகொண்டே இருந்தன.