பதில் வந்தது

எர்மெக் சுத்தியலால் விண்கலத்தை மூன்று முறை தட்டினான். உள்ளிருந்து மூன்று முறை பதில் வந்தது.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இது வெறும் ஒத்திகைக் கலம், உள்ளே மணல் அடைத்த மூன்று பொம்மைகள்தான். நாளை விண்வெளியிலிருந்து மூன்று பேர் இதே கசாக் புல்வெளியில் இறங்கப் போகிறார்கள்; அதற்குத்தான் மீட்புக் குழுவின் இந்தக் கடைசி ஒத்திகை. தட்ட வேண்டும், பதில் கேட்க வேண்டும், கதவைத் திறந்து ஆளை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் உறைபனியில் இறுகிய திருகுகளைக் கழற்ற அரைமணி ஆகும். பொம்மைக்காக யார் மெனக்கெடுவார்கள்? இதுவரை பதினோரு ஒத்திகையிலும் எர்மெக் பேருக்குத் தட்டிவிட்டு, 'பதில் வந்தது, மூவரும் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

"பதில் வருது, அர்கிப் லூகிச்!"

கலத்துக்கு மறுபக்கம், வண்டிக்குள் சுகமாக உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் பனி படிந்த கண்ணாடியை விரலளவு இறக்கினார்.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டியா? வந்துச்சுன்னு எழுதிட்டு வாடா."

"நெசமாவே வருது. தொறந்து பாத்துடறேன்."

"தொறந்து உள்ளயே படுத்துக்க. எனக்கென்ன?" கண்ணாடி ஏறியது.

உறைந்த புல்லின் கசப்பு வாசனையும் துருவின் வாடையும் மூக்கில் ஏற, காற்று காதை அறுக்க, எர்மெக் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே ஏதோ பொறுமையாகச் சுரண்டிக்கொண்டே இருந்தது, அவன் கை நின்றால் அதுவும் நின்றது. பயமாக இருந்தது. பதினோரு முறையும் இது பதில் சொல்லியிருக்குமோ என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது.

கதவு திறந்தது. ஏதோ அவன் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது; காற்றுதான் என்று நினைத்தான்.

மூன்று இருக்கைகள். இரண்டு பொம்மைகள்.

நடு இருக்கையின் வார் அவிழ்ந்து கிடந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல். டார்ச்சோடு தலையை நுழைத்தான். பிறகு தோளை. இருக்கையைத் தொட்டான்.

சூடு.

முதுகில் ஒரு கை. கனமான கை. கையுறைக்குள் மணல் சரசரத்தது. தள்ளியது. கதவு மூடியது.

இருட்டு. திருகுகள் இறுகின. அவசரமே இல்லாமல்.

வெளியே மூன்று தட்டு.

எர்மெக் அறைந்தான். கத்தினான். நகம் பெயரச் சுரண்டினான்.

மறுபக்கம் ஹாரன். "என்னடா ஆச்சு?" என்றார் அர்கிப் லூகிச்.

வெளியிலிருந்து பதில் சொன்னது எர்மெக்கின் குரல்தான். கொஞ்சம் கரகரத்தது.

"பதில் வந்துச்சு. மூணு பேரும் நல்லா இருக்காங்க. எழுதிட்டேன். நாளைக்கும் நானே தட்டறேன்."