பாரிவாக்கம் நிறுத்தத்தில் கடைசி அத்தியாயம்

“பின்னாடி சீட்டு காலியாத்தானே இருக்கு? எதுக்கு என் பக்கத்துலயே நிக்கிறீங்க?”

சுதா கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது.

ஆவடியிலிருந்து திருமழிசை போகும் காலை பஸ். பாரிவாக்கத்தில் ஏறும் அந்த ஆள் ஒரு வாரமாக அவள் இருக்கையை ஒட்டியே நிற்கிறான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையில் லோகேஷ் என்றிருந்தது.

“புக்கைத்தாங்க படிச்சிகினு வரேன்.”

“எந்த புக்கை?”

“நீங்க படிக்கிறீங்களே... அதை. மேலேர்ந்து.”

“படிப்பாளி மாமே!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

“அப்படியா? என்ன கதை, சொல்லுங்க பார்ப்போம்,” என்றாள் சுதா.

“முத பாதி தெரியாது. அந்தம்மா புருசன் கப்பலுக்குப் போனவன் திரும்பவே இல்ல. ஊரே இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோன்னுது. மாமனார் மட்டும் வாயே தொறக்கல. அவர் இன்னா சொல்வாருன்னு பாத்தா... நீங்க பக்கத்தைத் திருப்பிட்டீங்க.”

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. இந்த முறை அவளைப் பார்த்து. முகம் சுட்டது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது.

“காசு கொடுத்து வாங்கிப் படிங்க,” என்றாள்.

அவன் பூந்தமல்லியிலேயே இறங்கிக்கொண்டான். மறுநாள் நிறுத்தத்தில் நின்றான். பஸ் வந்ததும் வேறெங்கோ பார்த்தான். ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோவில்பதாகை வீட்டில், சுதா நாவலை முடித்தாள்.

எண்ணூறு பக்கம். கடைசியில் அந்தப் பெண் பெரிதாக எதுவும் செய்யவில்லை. விளக்கை அணைத்தாள். கதவைத் தாழிடாமல் படுத்தாள். அவ்வளவுதான்.

சுதாவுக்கு அழுகை வரவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. இதையும் ஒரு மனிதர்தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்... அம்மா வைத்துவிட்டுப் போன காபி ஏடு கட்டியது.

அலமாரியில் படிக்காதவை சில இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். முதல் வரியிலேயே யாரோ ஒரு பெயர். யார் இது? மூடி வைத்தாள்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ‘அவ கதவைத் தாழ் போடல’ என்றால் யாருக்குப் புரியும்? அம்மாவுக்கா? ஆபீஸிலா? அந்தக் கதையின் வீட்டுக்குள் தன்னோடு நடமாடியவன் ஒருவன்தான். அவனை அவளே விரட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை மழை. பாரிவாக்கத்தில் இறங்கினாள். நிழற்குடையில் லோகேஷ் மட்டும் நின்றிருந்தான்.

“இன்னாங்க, இங்க இறங்கிட்டீங்க?”

“அன்னைக்கு நான் பேசினது தப்பு.”

“அட, வுடுங்க.”

“விட மாட்டேன்.” நாவலை நீட்டினாள். “கடைசி அத்தியாயம். படிங்க.”

“இப்பவா? வேலைக்குப் போவ வேணாம்?”

“லேட்டாப் போகலாம்.”

நின்றபடியே படித்தான். அவள் அவன் கண்களைப் பார்த்தாள். வரிவரியாக இறங்கின... ஓரிடத்தில் நின்றன... மேலே போய்த் திரும்பவும் இறங்கின. எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய கண்களா! இத்தனை நாள் தலைக்குமேல் இருந்திருக்கின்றன.

பஸ்கள் வந்தன. போயின. சாரல் புத்தக அட்டையில் விழ, அவன் தன் சட்டையால் மறைத்துக்கொண்டான். கடைசிப் பக்கத்தில் அவன் மூச்சு நின்றது. அவளுடையதும்.

“தாழ் போடல...” என்றான்.

“ஆமா.”

மழை பெய்தது.

“அடுத்து இன்னா படிக்கப் போறீங்க?”

“தெரியல. எதை எடுத்தாலும் ஓட மாட்டேங்குது.”

“எனக்கு முத பாதி பாக்கி கீது.”

“நானும் முதல்லேர்ந்து படிக்கப் போறேன்.”

“புக்கு ஒண்ணுதானே கீது?”

“ஒண்ணு போதும்.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. புத்தகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“ஊட்ல எனக்குப் பொண்ணு பாக்குறாங்க. மனசுல யார்னா கீறாங்களான்னு அம்மா கேட்டுகினே கீது. இல்லன்னு சொல்லிகினு இருந்தேன்.” மழையைப் பார்த்தான். “இன்னிக்கு கேட்டா அப்டி சொல்ல முடியாதுங்க. ஆனா... பேர் இன்னான்னு கேப்பாங்க. எனக்கே தெரியாது.”

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“சுதா,” என்றாள்.