இடது பின்மூலை

நான் சபை வீட்டுக்குப் போனபோது மத்தியானம். அரிப்புக் கிராமத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே நாலு கதிரை, ஒரு அலுமாரி, சுவரோடு சாத்திய இரண்டு காவுதடிகள். கருவாட்டு வாடையும் மெழுகுதிரி வாடையும் கலந்து கிடந்தன. எனக்குப் பக்தி எதுவும் இல்லை. அம்மாவுக்காகப் போனேன்.

அம்மா அருளம்மா படுக்கையில் கிடந்தாள். இந்திய அகதி முகாமில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு என்னோடு திரும்பியவள். அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆசை. சேமக்காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அப்பா நல்மரணச் சபைக்காரர். அந்தப் பக்கத்தில் இப்போதும் சபையில் ஆள் உள்ள குடும்பங்களை மட்டும்தான் புதைப்பார்கள். நான் சேர்ந்தால் அவளுக்கு இடம் உண்டு. சேராவிட்டால் இல்லை.

கோயிலைவிடப் பழைய சபை என்பார்கள். அதன் வேலை பிணத்தைத் தோளில் காவிச் சேமக்காலைக்குக் கொண்டுபோவது. ஆறு பேர். ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் சேரலாம்.

மூப்பர் சிங்கராசா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளை அங்கியை என் மடியில் போட்டார்.

"பத்திநாதன்ர அங்கி. போன வருசம் கடலுக்குப் போன மனுசன், வரேல்லை. அவற்ற இடம்தான் உனக்கு. இடது பின்மூலை."

"வேற அங்கி இல்லையோ?"

"இது உடுப்புக் கடை இல்லைத் தம்பி."

அங்கி ஈரமாக இருந்தது. என் மனைவி டினோஜா தோய்த்து வெயிலில் போட்டாள். பக்கத்தில் காய்ந்த அவளுடைய சேலை மொறுமொறுத்தது. அங்கி அப்படியே இருந்தது.

முதலில் நான் காவியது கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்த ஒரு பருத்த மனிதரை. தடியைத் தோளில் வைத்தேன். பெட்டி எழும்பியது. பாரம் வரவில்லை.

நிமிர்ந்து நடந்தேன். எக்கிப் பார்த்தேன்.

வரவில்லை.

தோள் மட்டும் விறைத்தது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல.

"பாரம் தெரியேல்லை," என்று முன்னால் போன ஜஸ்ரினிடம் மெல்லச் சொன்னேன்.

"இந்தியாக்காரனுக்குப் பாரம் வேணுமாம்," என்றான் அவன், திரும்பாமல். பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு ஜஸ்ரின் குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்கும் தெரியிறேல்லை. கதைக்காமல் நட."

அன்றைக்கே விட்டுவிட நினைத்தேன். வீட்டில் அம்மா கண்ணைத் திறந்து, "சேர்ந்திட்டியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கச்சான் காற்று மணலை அள்ளி வீசிய ஒரு நாள் அவள் போனாள். எனக்கு அழுகை வரவில்லை. தோளில் இருந்த விறைப்பு அதற்குள் நெஞ்சுவரை வந்திருந்தது.

தன் வீட்டுப் பிணத்தைச் சபைக்காரன் தூக்கக்கூடாது. அங்கி இல்லாமல் பின்னால் நடக்க வேண்டும். அவன் இடத்தில் வேறு யாரும் ஏறவும் கூடாது.

"அப்ப அஞ்சு பேர்தானே. என்ர மூலை சரியுமெல்லோ?" என்று மூப்பரிடம் கேட்டேன். அம்மா கீழே விழுந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"சரியாது. நீ பின்னால வா. தலையைக் குனிஞ்சு வா."

குனிந்துதான் போனேன். அதனால்தான் கண்டேன்.

இடது பின்மூலையில் ஆள் இல்லை. தடி மட்டமாகப் போனது. அதன் கீழே மணலில் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெறுங்கால். விழுந்த குழிகளில் தண்ணீர் ஊறியது.

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் குழிகளை மட்டும் மணல் மூடவில்லை.

அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பெட்டி அசையாமல், ஒரு சத்தமும் இல்லாமல் அடியில் போய் இருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

காவியவர்கள் சேமக்காலை வாசலில் கை கழுவிவிட்டுப் போவார்கள். மூப்பர் செம்பால் தண்ணீர் ஊற்றுவார். செத்த வீட்டுக்காரன் துவாய் கொடுக்க வேண்டும். ஐந்து பேரும் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்கள்.

சிங்கராசா செம்பை மறுபடி நிறைத்தார். ஆள் இல்லாத இடத்தில் மெல்லச் சரித்தார்.

தண்ணீர் நிலத்துக்கு வரவில்லை.

"சபையை விட்டு விலக ஏலாதோ?" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"சேர்ந்தவன் விலகிறேல்லை."

"செத்தாலுமோ?"

"உயிரோட இருக்கிறவங்கள்தான் சாட்டுச் சொல்லுவாங்கள். செத்தவங்கள் ஒழுங்கா வருவாங்கள்." மீன் விலை சொல்லும் அதே குரல். "நாளைக்கு உன்ர மூலையில ஒருத்தன் சேருவான். அவனுக்கும் ஒரு தாய் இருக்கும். துவாயைக் குடு, நிக்கிறாரெல்லோ."

நீட்டினேன். மறுமுனை இழுபட்டது. நான் கையை எடுத்துவிட்டேன்.

துவாய் என் நெஞ்சு உயரத்தில் நின்றபடி, அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தது.