படத்தின் முதுகு

வெள்ளி, காலை 9.10. பெய்ரூத், பஸ்தா தெரு, மூன்றாம் மாடி. ஃபௌஸி தராஸி மண்டை உடைந்து நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். முகத்தில் சிரிப்பு. உயிரோடு இருந்தவரை அவர் சிரித்து அந்தத் தெருவில் எறும்புகூடப் பார்த்ததில்லை.

சுவரே தெரியாதபடி யுத்தகாலப் பத்திரிகைப் படங்கள். ஊரில் விழுந்த குண்டுகளை எண்ணினால் இவற்றைவிட ஒன்றிரண்டு குறையலாம். ஒரு படச்சட்டம் மட்டும் மேசைமேல் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு காபிக் கோப்பைகள். அடியில் கசடு இன்னும் ஈரம்.

பிணத்தை முதலில் பார்த்தவள் உம்மு வலீத். 1976இல் சோதனைச்சாவடியில் பிடிபட்டுக் காணாமல்போன மகன் வலீத், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் தராஸியிடம் இருந்தது. மூன்று வருடமாக வெள்ளி தவறாமல் வந்து கேட்டாள். வெள்ளி தவறாமல் அவரும் தர மறுத்தார்.

"காணாமப் போனது அந்தப் படம்தான்," என்றார் ஹிக்மத். கீழே கடை வைத்திருப்பவர். அவருக்கும் தராஸியைப் போலப் பழைய படம் சேர்க்கும் பைத்தியம். "அது இவளைத் தவிர யாருக்கு வேணும்? விலங்கை மாட்டுங்க சார், நான் போய்க் கடை திறக்கணும்."

ஆய்வாளர் ரிஃபாத் கிழவியின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மணிக்கு வந்தீங்கம்மா?"

"ஒம்பதுக்கு. கதவு தெறந்து கெடந்துச்சு."

"காபி குடிச்சீங்களா?"

"அந்தாளு வீட்லயா? இத்தனை வருஷத்துல உட்காருன்னுகூடச் சொன்னதில்ல, மகனே. வாசப்படியோட சரி."

ரிஃபாத் சுவரைப் பார்த்தார். வெற்று ஆணிக்குப் பக்கத்திலேயே அதே காட்சி, பெரிதாக்கிய புதுப் பிரதி. வலீதின் இமைமயிரை எண்ணிவிடலாம்.

"காணாமப் போனது எப்படி இருக்கும், ஹிக்மத்?"

"உள்ளங்கை அகலம். பழசு. பத்திரிகைக்காரன் சிவப்புப் பென்சிலால பையன் மூஞ்சி மேலயே கோடு இழுத்திருப்பான்."

"பெத்தவ எதை எடுப்பா? மூஞ்சி தெரியற பெருசை. முதுகுல முத்திரை குத்தி, செய்திச் சீட்டு ஒட்டின அசலை எடுக்கிறது வேற ஆளு. தாய் படத்தோட முகத்தைப் பார்ப்பா. உங்க கூட்டம் முதுகைத்தான் பார்க்கும். தராஸி கையால காபி குடிச்ச விருந்தாளியும் நீங்கதான்."

9.50. ஹிக்மத்தின் கடையில், இரண்டு மெல்லிய காகிதங்களுக்கு நடுவே படம் கிடைத்தது.

"எட்டு வருஷம் கெஞ்சினேன்," என்றார் ஹிக்மத். "புரட்டிப் பார்க்கக்கூட விடல, பாவி."

உம்மு வலீத் ரிஃபாத்தின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"முதுகுல என்னமோ ஒட்டியிருக்குன்னியே, அதுல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு போட்டிருக்கா?"

சீட்டில் பிரெஞ்சில் ஒரே வரி: படத்தில் இருப்பவர்கள் அரை மணி நேரத்துக்குப்பின் சுடப்பட்டனர். தராஸி நன்றாகப் பிரெஞ்சு படிப்பவர்; மூன்று வருடமும் தெரிந்தேதான் தர மறுத்திருக்கிறார்.

"சொல்லு, மகனே. இருபத்திரண்டு வருஷமா அவனுக்கும் சேத்துத்தான் தட்டு வைக்கிறேன்."

ரிஃபாத் சொன்னார்.

அவள் அழவில்லை. சட்டையை விட்டாள்.

"என்னையே பிடிச்சிட்டுப் போயிருக்கலாமே நீ," என்றாள். "ஜெயில்ல கெடந்தாலும் எனக்கு ஒரு மகன் இருந்திருப்பான்."